தினமும் மூலிகை டீ குடிக்கலாமா? பால் டீயை விட நினைக்கிறேன்

கேள்வி: 2024 ஜூன் 3, காலை 9.40

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வயது 41. நாள் முழுக்க நாற்காலி வேலை, ஐந்து பால் டீ. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். பால் டீயை அடியோடு விட்டுவிட்டு காலையில் ஆவாரம்பூ, பதினொரு மணிக்குச் செம்பருத்தி, சாயங்காலம் துளசி, படுக்கும் முன் சுக்கு என்று மாறலாம் என்று இருக்கிறேன். இலை, பூ, வேர்தானே, பக்கவிளைவே வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் குடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூன் 3, இரவு 8.15

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஒன்பது வருடமாகத் தினமும் ஏதாவது ஒரு மூலிகைத் தண்ணீர் குடிக்கிறேன்.

குடிக்கலாம் தம்பி. ஆனால் நான்கையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றை எடுத்துப் பத்து நாள் குடியுங்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அடுத்தது. நான்கையும் சேர்த்து ஆரம்பித்து வயிறு கடமுடா என்றால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஐந்து டீயையும் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலி பிடித்துக்கொள்ளும். காபீன் பழகிய உடம்பு அப்படித்தான் செய்யும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். அந்தத் தலைவலியைக் காட்டி "மூலிகை உடம்பிலுள்ள நச்சை வெளியேற்றுகிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்துக்கு ஒரு டீயாகக் குறையுங்கள், தலைவலி அவ்வளவாக வராது.

ஆவாரம்பூ நான் போடுகிற விதம்: ஒரு டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கைப்பிடி பூவைப் போட்டு, அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடி ஐந்து நிமிடம். வடிகட்டினால் தேன் நிறத்தில் இருக்கும். லேசாகத் துவர்க்கும். சர்க்கரை, வெல்லம் எதுவும் போடாதீர்கள். சர்க்கரைக்காகக் குடிக்கிற தண்ணீரில் நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

2024 ஜூன் 3, இரவு 9.02

திருத்தம். கைப்பிடி என்றது செடியிலிருந்து அன்றைக்கே பறித்த பூவுக்கு. கடையில் வாங்கும் காய்ந்த பூ என்றால் ஒரு தேக்கரண்டி போதும்.

2024 ஜூன் 4, மாலை 5.30

இங்கே ஒருவர், "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், நான் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வேளை ஆவாரம்பூதான்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஆவாரம்பூவில் விஷயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், இந்தப் பூவின் சாற்றைச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு முப்பது நாள் கொடுத்துப் பார்த்து, ரத்தச் சர்க்கரை குறைந்தது என்று 2002இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் எலிக்கு நடந்தது எலிக்கு. உங்கள் வீட்டு டம்ளரில் எவ்வளவு சாறு இறங்கியிருக்கிறது என்று யார் அளந்தார்கள்? ஒரு நாள் பூ கூடுதலாக விழும், ஒரு நாள் பழசாக இருக்கும். மாத்திரையில் அந்தச் சிக்கல் கிடையாது.

மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்களுக்கும் ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வேர்த்து, கை நடுங்கி, படபடவென்று வந்தால் அது அதுதான். குளுக்கோமீட்டர் வைத்திருங்கள், மருத்துவரிடம் ஆவாரம்பூ குடிக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

2024 ஜூன் 7, இரவு 10.50

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். "பக்கவிளைவே வராது" என்ற அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

2021 தை மாதம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. பி.பி. மாத்திரை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, பல வருடமாக 130க்கு 80 பக்கத்திலேயே நிற்கும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று நான்தான் ஒரு கடையிலிருந்து மூலிகை டீ பொட்டலம் வாங்கி வந்தேன். பன்னிரண்டு மூலிகை கலந்தது. சர்க்கரை போடாமலேயே தித்திப்பாக இருந்தது, அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று டம்ளர்.

மூன்று வாரம் போயிருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றார். மாடிப்படி நாலு ஏறினால் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், "இங்க பாருடி" என்று முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபது எண்ணும் வரை மேலே வரவில்லை.

பி.பி. 168க்கு 96. மருத்துவமனையில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். என்னென்ன மாத்திரை என்று கேட்டார்கள், ஒப்பித்தேன். டீயைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது மருந்தில்லையே. பத்து நாளில் மறுபடி போனபோது அம்மாவுக்குத் தலை கிறுகிறுப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த சின்ன வயசு டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "வேற என்னம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அம்மா மஞ்சப்பையிலிருந்து பொட்டலத்தையே எடுத்து நீட்டினார். வெளியூர் போனாலும் கையோடு எடுத்துப் போகிற அளவுக்குப் பழக்கம். டாக்டர் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த பட்டியலைப் படித்து, ஒரு பெயரின் மேல் நகத்தை வைத்தார். அதிமதுரம். பட்டியலில் அதுதான் முதல்.

அன்றோடு டீ நின்றது. பொட்டாசியத்துக்கு மருந்து கொடுத்தார்கள். கால் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது, பி.பி. பழையபடி வர ஒரு மாதத்துக்குக் கிட்ட. கூட்டின மாத்திரையைத் திரும்பக் குறைத்தார்கள்.

2024 ஜூன் 8, காலை 6.20

"அப்படியானால் அதிமதுரம் விஷமா? எங்கள் பாட்டி இருமலுக்கு அதைத்தானே கொடுப்பார்" என்று கேட்டிருக்கிறீர்கள். விஷம் இல்லை. உங்கள் பாட்டி ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார், இரண்டு நாள், மூன்று நாள். தொண்டை சரியானதும் டப்பாவை மூடி வைத்துவிடுவார். என் அம்மா குடித்தது தினம் மூன்று வேளை, வாரக் கணக்கில். மூலிகை அதேதான், நாள் கணக்குதான் வேறு.

நடப்பது இதுதான். நம் உடம்பிலேயே கார்ட்டிசால் என்று ஒரு சுரப்பு இருக்கிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும் வேலையில் அது தலையிடாமல் இருக்க, அங்கே ஒரு நொதி காவல் நிற்கிறது. அதிமதுரத்தின் தித்திப்பே கிளிசிரைசின் என்ற பொருளால்தான் வருகிறது, அந்தப் பொருள்தான் இந்தக் காவல் நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அப்புறம் உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். அம்மா போட்ட நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கிற வகை. இரண்டும் சேர்ந்துகொண்டன. கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பாவில் ஒரு வரம்பு சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அதை அளக்க வழி கிடையாது. அதனால் பி.பி., இதயம், சிறுநீரகம் என்று மாத்திரை எடுக்கிறவர்கள் தினசரி டீயில் அதிமதுரமே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் அதிமதுரம் என்றே போட்டிருக்காது. யஷ்டிமது, மதுயஷ்டி, முலேத்தி, லிக்கோரைஸ், எல்லாம் ஒன்றுதான். சர்க்கரை சேர்க்காத டீ தித்தித்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

2024 ஜூன் 8, காலை 6.45

நேற்று எழுதியதில் அந்த மருத்துவமனை மேல் குறை சொன்ன மாதிரி இருக்கிறது. திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாங்கி வந்தது நான், பின்பக்கம் படிக்காதது நான். பள்ளியில் பிள்ளைகளுக்கு லேபிள் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதையும் எழுதிவிட வேண்டும்.

2024 ஜூன் 8, இரவு 9.10

செம்பருத்திக்கு வருகிறேன். "செம்பருத்தி டீ பி.பி.யைக் குறைக்கும் என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்" என்ற செய்தியை இன்று இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு உண்மை. 2010இல் வந்தது. 65 பேர், பி.பி. கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்கள், மாத்திரை எடுக்காதவர்கள். தினம் மூன்று கப், ஆறு வாரம். மேல் அளவு சராசரியாக 7.2 குறைந்தது. டீ போலவே நிறமும் ருசியும் உள்ள வெறும் பானம் குடித்தவர்களுக்கு 1.3தான் குறைந்தது.

ஆனால் அது நம் வீட்டு வாசலில் பூக்கிற, சாமிக்குப் போடுகிற செம்பருத்தி இல்லை! அது புளிச்சக்கீரை இனம். அதில் பூ உதிர்ந்த பிறகு காயை மூடி நிற்கும் சிவப்பான, சதைப்பற்றான புல்லியைக் காயவைத்துப் போடுவது. நல்ல புளிப்பாக இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுப் பெயர் ஒன்று என்பதால் மொழிபெயர்க்கிறவர்கள் செம்பருத்தி என்று எழுதிவிடுகிறார்கள். கடையில் வாங்கும்போது வாயில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள், புளித்தால் அது. நம் செம்பருத்தி வழவழவென்று இருக்கும், புளிக்காது. நம் செம்பருத்தியும் குடிக்கலாம், எனக்கு அந்த நிறம் பிடிக்கும். அந்த 7.2ஐ மட்டும் இதன் கணக்கில் எழுதாதீர்கள்.

பூ விஷயத்தில் இன்னொன்று. மாலை கட்ட விற்கிற ரோஜாவை வாங்கி டீ போடாதீர்கள். அது சாப்பிட வளர்த்த பூ இல்லை, மருந்தடித்திருப்பார்கள்.

2024 ஜூன் 11, மாலை 4.05

ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: ஆவாரை டீ என்று வாங்கினாராம், குடித்த மறுநாள் காலை ஐந்து முறை போனதாம். பொட்டலத்தில் சென்னா என்று இருந்ததாம்.

அம்மா, அது ஆவாரை இல்லை, நிலாவரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே குடும்பம், அறிவியல் பெயரில் முன்பாதிகூட ஒன்றுதான், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. நிலாவரை இலை பேதி மருந்து. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து உலகமெல்லாம் போகிறது. மலச்சிக்கலுக்கு இரண்டு மூன்று நாள் எடுப்பது வேறு. உடம்பு இளைக்கும் என்று சொல்லி விற்கிற டீக்களில் இதைக் கலக்கிறார்கள். காலையில் எடை குறைந்த மாதிரித் தெரியும். குறைந்தது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. மாதக் கணக்கில் குடித்தால் இதிலும் பொட்டாசியம் போகும், குடலும் அது இல்லாமல் வேலை செய்ய அடம்பிடிக்கலாம்.

2024 ஜூன் 11, மாலை 4.20

நிலவேம்புக் கஷாயத்தைத் தினம் குடிக்கலாமா என்றவருக்கு: அது டீ இல்லை, மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்த்தது. காய்ச்சல் காலத்துக்கு, சித்த மருத்துவர் சொல்கிற அளவு, சொல்கிற நாள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

2024 ஜூன் 14, இரவு 8.40

என் மகள் விடுதியில் படிக்கிறாள். போன வருடம் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதம் ஆகியும் 9.8க்கு மேல் ஏறவில்லை. விசாரித்தால், மாத்திரையைத் துளசி டீயோடு விழுங்குகிறாள். "அம்மா, நீதானே டீயை விட இது நல்லதுன்ன" என்கிறாள்.

பால் டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்துகள் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நமக்குத் தெரியும். மூலிகை டீயில் அது இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். 1999இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ரொட்டியோடு பலவகை டீ கொடுத்து அளந்திருக்கிறார்கள். கறுப்பு டீ இரும்பு சேர்வதை 79 முதல் 94 விழுக்காடு வரை குறைத்தது. மிளகுப்புதினா டீ 84. கேமமைல் என்கிற சாமந்தி இனப் பூ டீயே 47. துளசியை அதில் அளக்கவில்லை, ஆனால் துவர்க்கிற எதையும் மாத்திரையோடு குடிக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து டீ. மாத்திரைக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். அடுத்த இரண்டு மாதத்தில் 11.1.

2024 ஜூன் 16, காலை 11.30

ஞாயிற்றுக்கிழமை. தியாகவல்லி போய்வந்தேன், அம்மாவின் பிறந்த ஊர்ப் பக்கம். தலைப்புக்குச் சம்பந்தமா என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

கடலூருக்குத் தெற்கே கடலோரமாக நொச்சிக்காடு, தியாகவல்லி, சித்திரைப்பேட்டை என்று போனால் மணல் நிலத்தில் ஆளுயரப் புல் நிற்கும். வெட்டிவேர். நெல் வராத மணலில் அது வரும், பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். மேலே பார்த்தால் வெறும் புல், மணக்காது. மண்வெட்டியால் அடியை நோண்டிப் பிடுங்கி, மணலை உதறும்போதுதான் அந்த வாசனை ஏறும். மழை பெய்து ஓய்ந்த மண் வாசனையும் கொஞ்சம் கட்டையின் வாசனையும். சின்ன வயதில் மாமா வேரைத் தண்ணீரில் அலசி வெயிலில் பரப்புவார், நாங்கள் அதன் மேல் புரண்டு அடி வாங்குவோம். ராத்திரி பாவாடை வரைக்கும் மணக்கும்.

இன்று ஒரு கட்டு வாங்கி வந்தேன். கடையில் வாங்கும் வேருக்கும் இதற்கும் வித்தியாசம் கையில் தெரிகிறது. புது வேர் மஞ்சள் கலந்த பழுப்பு, வளைத்தால் வளையும். பழைய வேர் கறுத்து, ஒடியும், முகர்ந்தால் தூசிதான்.

ஒரு கைப்பிடி வேரை நாலைந்து தண்ணீர் அலசி (மணல் போகவே போகாது, பொறுமை வேண்டும்) மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டுவிடுவேன். கொதிக்க வைப்பதில்லை. ராத்திரி போட்டால் காலையில் தயார். மூன்று நாளில் எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். வாசனை போனதும் செடிக்குப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அதில் இந்த வாசனை எடுபடாது. கேன் தண்ணீர்தான்.

சூடான டீ மட்டும்தான் உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தில் ஜூன் மாதக் கடலூர் வெயிலில் மூன்று வேளை கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறோம். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. எந்த மூலிகையாக இருந்தாலும் ஆறவிட்டுக் குடியுங்கள்.

2024 ஜூன் 17, காலை 7.00

முதல் நாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. பூவுக்கும் இலைக்கும்தான் மூடிவைத்து ஊறவைப்பது. வேர், பட்டை, சுக்கு இவற்றுக்கு அது போதாது, கொதிக்க வேண்டும். சுக்கைத் தட்டி, மல்லி விதை, நாலு மிளகு சேர்த்து, பாதியாகச் சுண்டவிட்டால்தான் சுக்கு காபி. துளசியைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் வாசனையெல்லாம் கூரையில்தான் இருக்கும்.

ஃபிளாஸ்கில் ஊற்றி ராத்திரி வரை வைத்துக் குடிப்பவர்கள் கவனிக்க: சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம் என்று வைத்திருக்கிறார்கள், அதாவது மூன்று மணி நேரம். எனக்குத் தெரிந்து இதைப் பின்பற்றுகிறவர்கள் குறைவு. நான் பின்பற்றுகிறேன்.

2024 ஜூன் 19, இரவு 9.25

நீலக்கலர் டீ பற்றிக் கேட்ட புதுச்சேரிப் பெண்ணுக்கு: அது சங்குப்பூ. காபிக் கடையில் வாங்க வேண்டாம், வேலியில் ஏறுகிற கொடிதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலம் காரம் நடத்தும்போது இதைத்தான் கொண்டுபோவேன். நீலத் தண்ணீரில் எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் ஊதா, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை. வகுப்பே எழுந்து நிற்கும். உடம்புக்கு என்ன செய்யும் என்றால், கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்குச் சந்தோஷம். அதற்காகவே குடிக்கலாம்.

2024 ஜூன் 30, மாலை 5.15

லாஸ்பேட்டைத் தம்பி தனியாக எழுதியிருந்தார், பொதுவில் போடச் சொன்னார். பால் டீ இப்போது இரண்டு. காலையில் ஆவாரம்பூ, பதினைந்து நாளாகிறது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. குபேர் அங்காடிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பூவைக் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்து வாங்கினாராம், கடைக்காரர் சிரித்தாராம். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நாற்பது நிமிட நடை, முடித்துவிட்டுக் கருப்பட்டி போடாத சுக்கு காபி. செப்டம்பரில் மறுபடி ரத்தம் பார்க்கப் போகிறார். குறைந்திருந்தால் அது பூவால் என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. ஐந்து டீயோடு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்த பத்து ஸ்பூன் சர்க்கரையில் பாதிக்கு மேல் நின்றிருக்கிறது, அந்த நாற்பது நிமிட நடையும் இருக்கிறது.

அம்மாவுக்கு இன்று காலை 134க்கு 82. டீ வேண்டுமா என்று கேட்டால் வெட்டிவேர்த் தண்ணீர் போதும் என்கிறார். இருந்தாலும் நான் எதை வாங்கி வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தை முதலில் அவர்தான் படிக்கிறார், சத்தமாக, ஒவ்வொரு பெயராக. தியாகவல்லி வேர் இரண்டாம் முறை ஊறி முடிந்து மொட்டைமாடியில் காய்கிறது. கடல் பக்கம் மேகம் கட்டுகிறது, போய் எடுத்து வைக்கிறேன்.